தலையீற்று யாருக்குச் சொந்தம்? பண்டைய இஸ்ரவேலரின் வழிபாட்டில் முதற்பேறான மிருகங்கள்

பதிவு 1 | மறைநூல் வாசகன்

மந்தையில் சிறந்ததைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தலையீற்றுப் பலியைப் பற்றி ஆலயங்களில் நாம் கேட்டுப் பழகிய விளக்கம். விவிலியத்தின் முதல் ஐந்து நூல்களான மோசேயின் ஐந்து ஆகமங்களையும் இந்த ஒரு பொருளை மட்டும் மனத்தில் வைத்து மறுபடியும் வாசித்தபின், அந்த விளக்கம் சட்டத்தின் மையத்தைத் தவறவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. என் வாசிப்பை இங்கே முன்வைக்கிறேன். மறுப்பு இருந்தால் வசனத்தோடு சொல்லுங்கள்.

யாத்திராகமம் 13:2இல் உள்ள கட்டளையில் 'சிறந்தது', 'கொழுத்தது' என்ற சொற்களே இல்லை. மனிதரிலும் மிருகஜீவன்களிலும் கர்ப்பந்திறந்து பிறக்கிற முதற்பேறு அனைத்தையும் எனக்குப் பரிசுத்தப்படுத்து, அது என்னுடையது என்றுதான் இருக்கிறது. 'கர்ப்பந்திறந்து' என்பதற்கு எபிரேய மூலத்தில் உள்ள தொடர் 'பேத்தெர் ரெகெம்', அதாவது கருப்பையைத் திறப்பது. குட்டி நன்றாக இருக்கிறதா என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. இதற்கு முன் இந்தத் தாய் ஈன்றிருக்கிறாளா என்றே கேட்கிறது. 13:12 அதனோடு ஆண் என்ற வரையறையையும் சேர்க்கிறது. ஆகவே ஓர் ஆடு முதலில் பெட்டைக்குட்டியை ஈன்றுவிட்டால், பின்னர் அது ஈனும் கிடாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் வராது. சிறந்ததைக் கொடுப்பதுதான் நோக்கமென்றால் இப்படி ஒரு வரையறைக்குத் தேவையே இருந்திருக்காது.

இன்னொன்று, 'அது என்னுடையது' என்ற அந்தச் சொல். உரிமையாளன் தன்னுடையதைக் கொடுப்பதாகச் சட்டம் பேசவில்லை. பிறக்கும்போதே அது வேறொருவருக்குச் சொந்தமானது என்று பேசுகிறது. எகிப்தின் இரவோடு இது இணைக்கப்படுவதும் அதனால்தான். 'இஸ்ரவேல் என் குமாரன், என் சேஷ்டபுத்திரன் (மூத்த மகன்)' என்று பார்வோனிடம் சொல்லச் சொன்னவர் (யாத். 4:22), எகிப்தின் தலைப்பிள்ளைகளையும் மிருகஜீவன்களின் தலையீற்றுகளையும் அழித்த நாளில் இஸ்ரவேலின் முதற்பேறுகளைத் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டதாக எண்ணாகமம் 3:13 கூறுகிறது. அந்த இரவில் உயிரோடு விடப்பட்டவை விட்டவருக்கே உரியவை ஆயின. பிள்ளை 'இது என்ன?' என்று கேட்கும்போது தகப்பன் சொல்ல வேண்டிய விடையும் (13:14-15) இதுவே.

இரண்டு இடங்கள் எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. அசுத்தமான மிருகங்களில் கழுதைக்கு மட்டும் ஏன் தனிச் சட்டம்? தலையீற்றின் இறைச்சியை உண்பவர் ஆசாரியரா (பலி செலுத்தும் குருவா), உடையவரா?


பதிவு 2 | வெள்ளாட்டுப் பட்டி

எனக்கு எபிரேயம் தெரியாது. ஆடு வளர்க்கிறேன்; அந்த அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

தலையீற்றுக் குட்டி பெரும்பாலும் மந்தையில் சிறந்த குட்டியாக இருப்பதில்லை. முதல் ஈற்றில் குட்டி எடை குறைவாகவே இருக்கும். தாய்க்குப் பழக்கம் இல்லாததால் சில வேளை குட்டியை நக்கிவிடாமல் திகைத்து நிற்கும்; நாம்தான் குட்டியின் வாயை மடியில் வைத்துச் சீம்பால் குடிக்கப் பழக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஈற்றுகளில் வரும் குட்டிகளே திடமானவை. ஆகவே, 'சிறந்தது' என்ற விளக்கம் தவறு என்று ஐயா சொல்வதை ஆடு வளர்ப்பவர் எவரும் உடனே ஒப்புக்கொள்வார்.

ஆனால் முதல் ஈற்றுக்கு வேறொரு பொருள் உண்டு. புதிதாக வளர்ந்த ஆடு மலடா இல்லையா என்பது அதுவரை தெரியாது. முதல் குட்டி நல்லபடியாக வெளியே விழுந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகுதான், இனி இந்த ஆட்டை நம்பலாம் என்ற நிம்மதி வரும். வரப்போகும் குட்டிகளெல்லாம் அந்த முதல் குட்டிக்குப் பின்னால் வரிசையில் நிற்பதுபோல் எனக்குத் தோன்றும். அதைக் கடவுளுடையது என்று விட்டுவிடுபவர், அடுத்த குட்டிகளும் தம்முடைய திறமையால் வரவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்.

யாத்திராகமம் 22:30இல், குட்டி ஏழு நாள் தாயோடு இருக்கட்டும், எட்டாம் நாளில் எனக்குக் கொடு என்று இருப்பதையும் கவனித்தேன். அந்த வாரத்தின் முதல் சில நாள்கள் சீம்பாலின் காலம். அதற்குள் குட்டியைப் பிரித்தால் தாயின் மடி கட்டிக்கொண்டு மிகவும் அவதிப்படும். சட்டத்தை எழுதியவர்கள் பட்டியில் நின்று பார்த்தவர்கள்.


பதிவு 3 | ஐயுறும் மாணவன்

மூத்தவர்களுக்கு வணக்கம். நம் ஊர்களில் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாயைப் போன்றதுதானே இதுவும்? அதையும் வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டார்கள். நேர்த்திக்கடனின் ஒரு வகை என்று இதை எடுத்துக்கொள்ளலாமா? ஆபேல் தலையீற்றுகளையும் அவற்றின் கொழுமையானவற்றையும் கொண்டுவந்தான் என்ற ஆதியாகமம் 4:4, சிறந்ததைக் கொடுப்பது என்ற கருத்துக்கு ஆதாரம் ஆகாதா?


பதிவு 4 | எபிரேயம் பயில்பவள்

தம்பி, நேர்த்திக்கடனோடு ஒப்பிடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் லேவியராகமம் 27ஆம் அதிகாரம் அந்தக் கதவை வெளிப்படையாகவே அடைத்துவிடுகிறது. அந்த அதிகாரம் முழுவதும் பொருத்தனைகளைப் பற்றியது: ஆளை, மிருகத்தை, வீட்டை, வயலை ஒருவன் எப்படி நேர்ந்துகொள்ளலாம், அதன் மதிப்பு என்ன என்று அது வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையின் நடுவே, 26ஆம் வசனத்தில், தலையீற்றை மட்டும் எவரும் நேர்ந்துகொள்ளக் கூடாது, மாடானாலும் ஆடானாலும் அது கர்த்தருடையது என்று தடை வருகிறது. நேர்த்திக்கடனில் வேண்டுதல் இருக்கிறது, விருப்பம் இருக்கிறது, மனிதன் எடுத்துவைக்கும் முதல் அடி இருக்கிறது. தலையீற்றில் இவை எவையும் இல்லை. கடன் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரும்போது அதை அன்பளிப்பு என்று எழுதித்தர முடியாதல்லவா? அதே நியாயம்தான்.

உபாகமம் 15:19 இதை இன்னும் நெருக்கமாகக் காட்டுகிறது. தலையீற்று மாட்டை வேலைவாங்கக் கூடாது, தலையீற்று ஆட்டின் மயிரைக் கத்தரிக்கக் கூடாது. ஒரு கன்றை ஏரில் பூட்டலாமா, ஓர் ஆட்டில் கம்பளி எடுக்கலாமா என்று தீர்மானிப்பது உரிமையாளனின் அன்றாட அதிகாரம். அந்த அதிகாரம்தான் இங்கே எடுக்கப்படுகிறது. தன் தொழுவத்திலேயே நின்று, தன் புல்லையே தின்று, தன் கையாலேயே தண்ணீர் குடிக்கும் விலங்கின்மேல் தனக்கு உரிமை இல்லை என்பதை ஒரு விவசாயி நாள்தோறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆபேலைப் பற்றிய கேள்வி நியாயமானது. அங்கே தலையீற்றும் கொழுப்பும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் ஆபேலின் காணிக்கை எந்தக் கட்டளைக்கும் முற்பட்டது. அவன் தானாகக் கொண்டுவந்தான். ஆகவே அது உண்மையில் காணிக்கைதான். அந்தக் கதையை வைத்துச் சட்டத்தை விளக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. மேலும், எண்ணாகமம் 18:17இன்படி எல்லாத் தலையீற்றுகளின் கொழுப்பும் பலிபீடத்தில் எரிக்கப்பட வேண்டியதே. கொழுப்பு கர்த்தரின் பங்கு என்பது மற்றப் பலிகளுக்கும் பொது.

கழுதையைப் பற்றி: அதைப் பலியிட முடியாது, ஆனால் அதுவும் கருப்பையைத் திறந்ததே. ஆகவே ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுத்து மீட்க வேண்டும், மீட்காவிட்டால் அதன் கழுத்தை முறிக்க வேண்டும் (யாத். 13:13). இந்த இரண்டாவது பகுதியைப் பலரும் கொடூரம் என்று மட்டும் பார்த்துக் கடந்துவிடுகிறார்கள். மீட்புவிலை கொடுக்க மனமில்லாதவன் விலங்கை மட்டும் வைத்துக்கொண்டு பயனடைய வழியில்லை என்பதே அதன் பொருள். ரபிகள் எனப்படும் யூத மறைநூல் அறிஞர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் மீட்பதே கழுத்தை முறிப்பதைவிட முந்திய கடமை என்று சொல்கிறது. கழுதைக்கு மட்டும் ஏன் இந்தச் சிறப்பு என்பதற்குத் மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில் ஓர் அழகான விளக்கம் உண்டு. இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு வெளியேறியபோது வெள்ளியையும் பொன்னையும் சுமந்து அவர்களுக்கு உதவியவை கழுதைகளே என்கிறார்கள் ரபிகள். வரலாற்று விளக்கமாக இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. சுமை தூக்கிய விலங்கை மறக்காத மனம் அதில் இருக்கிறது. அதனால் எனக்கு அது பிடிக்கும்.


பதிவு 5 | கத்தோலிக்க வாசகர்

இறைச்சியை உண்பவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். எங்கள் திருவிவிலியத்தில் 'தலைப்பேறு' என்ற சொல்லே வழங்குகிறது, பொருள் ஒன்றுதான். எண்ணாகமத்தை எண்ணிக்கை நூல் என்றும் உபாகமத்தை இணைச் சட்டம் என்றும் சொல்வோம்.

எண்ணிக்கை நூல் 18:17-18 தெளிவாக இருக்கிறது. மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றின் தலைப்பேற்றை மீட்கக் கூடாது; இரத்தம் பலிபீடத்தில் தெளிக்கப்படும், கொழுப்பு எரிக்கப்படும், இறைச்சி முழுவதும் தலைமைக் குருவான ஆரோனுக்கும் அவர் புதல்வருக்கும் உரியது. இணைச் சட்டம் 15:20 இதற்கு மாறாக, ஆண்டவர் தெரிந்துகொள்ளும் இடத்தில், ஆண்டவர் முன்னிலையில், நீயும் உன் வீட்டாரும் ஆண்டுதோறும் அதை உண்பீர்கள் என்கிறது. ஒரே விலங்கை இருவர் முழுமையாக உண்ண முடியாது.

இவை இரண்டு வெவ்வேறு காலங்களின் நடைமுறைகள் என்பதே என் கருத்து. ஊருக்கு ஊர் பலிபீடம் இருந்தபோது, குட்டி பிறந்த எட்டாம் நாளில் அருகிலுள்ள பீடத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. வழிபாடு ஒரே இடத்துக்கு என்று ஆன பின், வடக்கே கலிலேயாவில் ஓர் ஆடு ஈன்றதும் எட்டே நாளில் எருசலேமில் நிற்க எவராலும் முடியாது. ஆகவே 'எட்டாம் நாள்' என்பது 'ஆண்டுதோறும்' என்று மாறுகிறது. பெருவிழாவுக்குப் போகும்போது கூடவே ஓட்டிச் செல்லலாம். அப்படி ஓட்டிச் சென்ற விலங்கு குடும்பத்தின் விழா உணவாகிறது. ஊனமுற்றதாக இருந்தால், முடமோ குருடோ ஆனால், ஊரிலேயே வெட்டி மானையும் கலைமானையும் உண்பதுபோல் உண்ணலாம், இரத்தத்தை மட்டும் தண்ணீரைப்போல் தரையில் ஊற்றிவிட வேண்டும் என்று 15:21-23 சொல்கிறது.

தோபித்து நூலின் முதல் அதிகாரத்தில் தோபித்து தலைப்பேறுகளை எருசலேமுக்குக் கொண்டுசென்று குருக்களிடம் கொடுத்ததாகச் சொல்கிறார். பாபிலோனிய நாடுகடத்தலுக்குப் பின் நெகேமியா 10:36இலும் மக்கள் அவற்றைப் பணிசெய்யும் குருக்களிடம் கொண்டுவருவதாகவே உறுதி கூறுகிறார்கள். ஆகவே குருக்களின் பங்கு என்ற நடைமுறையே பின்னாளில் நிலைத்தது.


பதிவு 6 | மறைநூல் வாசகன்

நன்றி ஐயா. எட்டாம் நாளும் ஆண்டுதோறும் என்ற ஒப்பீட்டை நான் கவனித்திருக்கவில்லை. இந்த இழையில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுவே. ரபிகள் வேறொரு வழியில் இரண்டையும் இணைத்தார்கள். உபாகமத்தின் 'நீயும் உன் வீட்டாரும்' என்பது ஆசாரியனை நோக்கிச் சொல்லப்பட்டது என்று அவர்கள் வாசித்தார்கள். வசனத்தின் ஓட்டத்தோடு அது பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே பேசப்படுபவன் மாடும் ஆடும் உடைய குடியானவன்.

ஆனால் என் வாதத்துக்கு இந்த முரண்பாடு இடையூறு ஆகாது. ஆசாரியன் உண்டாலும் குடும்பம் உண்டாலும், அது கர்த்தருடைய பந்தியில் உண்ணப்படுகிறது. சொந்தப் பட்டியில் பிறந்ததை, அவர் வீட்டில், அவர் விருந்தினராக உண்பது.


பதிவு 7 | ஐயுறும் மாணவன்

ஒரு கேள்வியை எல்லோரும் சுற்றிப் போவதாக உணர்கிறேன். யாத்திராகமம் 22:29 'உன் குமாரரில் முதற்பேறானவனை எனக்குக் கொடுப்பாயாக' என்கிறது. அடுத்த வசனம், உன் மாட்டிலும் ஆட்டிலும் அப்படியே செய் என்கிறது. அங்கே மீட்பு என்ற சொல்லே இல்லை. ஆட்டுக்குட்டி பலியாகிறது என்றால், 'அப்படியே' என்பதற்கு என்ன பொருள்? ஆதி இஸ்ரவேலில் தலைப்பிள்ளைகளைப் பலியிடும் வழக்கம் இருந்ததா?


பதிவு 8 | எபிரேயம் பயில்பவள்

சுற்றிப் போகக் கூடாத கேள்விதான், தம்பி. கேட்டதற்கு நன்றி.

வேதாகமமே இதை மறைக்கவில்லை. மோவாபின் ராஜா தன் பட்டத்துக்குரிய மூத்த மகனை மதில்மேல் பலியிட்டான் (2 இராஜாக்கள் 3:27). அது அயலானின் செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் யூதாவின் ராஜாவாகிய ஆகாஸ் தன் மகனைத் தீக்கடக்கப்பண்ணினான், இன்னோம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளைத் தீக்கடக்கப்பண்ணிய இடமான தோப்பேத்தை யோசியா ராஜா தீட்டாக்கி முடித்துவைத்தான் என்றும் அதே நூல் கூறுகிறது. எரேமியா 7:31இல் கர்த்தர், அதை நான் கட்டளையிடவில்லை, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்கிறார். இவ்வளவு அழுத்தமாக மறுக்க வேண்டியிருந்ததென்றால், கட்டளையிட்டார் என்று நம்பியவர்கள் அந்நாளில் இருந்திருக்கிறார்கள். எசேக்கியேல் 20:25-26 அதைவிடக் கடினமானது. அவர்களுக்கு நன்மைக்கேதுவல்லாத கட்டளைகளைக் கொடுத்தேன், கர்ப்பந்திறந்து பிறக்கிற அனைத்தையும் தீக்கடக்கப்பண்ணிய அவர்களுடைய காணிக்கைகளாலேயே அவர்களைத் தீட்டாக்கினேன் என்று அங்கே வருகிறது. 'பேத்தெர் ரெகெம்' என்ற இதே தொடர் அங்கும் நிற்கிறது.

அறிஞர்கள் இதில் ஒருமனப்படவில்லை. 22:29 ஒரு பழைய வழக்கத்தின் எச்சம் என்போர் உண்டு. மீட்பு எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் எழுதப்படவில்லை என்போரும் உண்டு. என் கருத்து இது. கடவுளுக்கு உரியது என்ற கூற்று மனிதரிலும் மிருகத்திலும் ஒரே வலிமையோடு இருந்தது. அந்த வலிமையைக் குறைக்காமலேயே உயிரை மீட்கும் வழியைச் சட்டம் தேடியது. 13:13இலும் 34:20இலும் மீட்பு எழுத்தில் வருகிறது. எண்ணாகமம் 3இல் லேவி கோத்திரம் முழுவதும் அந்தப் பிள்ளைகளுக்குப் பதிலாக நிற்கிறது. அங்கே கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தலைப்பிள்ளைகள் 22,273 பேர், லேவியர் 22,000 பேர். மிஞ்சிய 273 பேரையும் அப்படியே விட்டுவிடவில்லை. தலைக்கு 5 சேக்கல் வெள்ளி வீதம் 1,365 சேக்கல் வாங்கி ஆரோனிடம் கொடுக்கப்பட்டது. லேவியரின் மூன்று வம்சங்களையும் கூட்டினால் 7,500, 8,600, 6,200 என 22,300 வருகிறது. அந்த 300 பேர் லேவியருக்குள்ளேயே தலைப்பிள்ளைகள், ஆகவே அவர்களால் இன்னொருவரை மீட்க முடியாது என்று தல்மூது விளக்குகிறது. ஒரு பிள்ளைகூடக் கணக்கில் விடுபடக் கூடாது என்ற கவலையை இந்த எண்களில் காண்கிறேன்.

இஸ்ரவேலரின் மிருகஜீவன்களின் தலையீற்றுகளுக்கு ஈடாக லேவியரின் மிருகஜீவன்களை எடுத்துக்கொள் என்று அதே அதிகாரத்தில் (3:41) இருப்பதையும் மறக்க வேண்டாம். பின்னர் 18ஆம் அதிகாரத்தில் ஆடுமாடுகளின் தலையீற்றை மீட்கலாகாது என்று வருகிறது. வனாந்தரத்தில் அந்த ஒருமுறை செய்த ஈடு, நிரந்தர விலக்காகவில்லை.

மீகா 6:7இல் ஒருவன், என் பாவத்துக்காக என் முதற்பேறானவனைக் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறான். ஆட்டுக்கடாக்களில் தொடங்கி அந்த இடத்துக்கு வந்து நிற்கிறான். தலையீற்றைக் கடவுளிடம் நாம் வைக்கும் விலையாக எண்ணத் தொடங்கினால் போய்ச் சேரும் இடம் அதுதான். அதனால்தான், 'கொடுப்பது' என்று பேசாமல் 'ஏற்கெனவே அவருடையது' என்று பேச வேண்டும் என்ற மறைநூல் வாசகன் ஐயாவின் கருத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.


பதிவு 9 | வெள்ளாட்டுப் பட்டி

எண்களைக் கேட்டபின் என் மனத்தில் இருப்பது சிறிய கேள்விதான். வெள்ளாடு பெரும்பாலும் இரட்டைக் குட்டிகள் ஈனும். இருட்டில் ஈன்று, விடிந்து பார்க்கும்போது இரண்டு கிடாய்கள் நின்றால் எது முதலில் வந்தது என்று எப்படித் தெரியும்? தலையீற்றில் ஊனம் தென்பட்டால் அதை யார் தீர்மானிப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிடாய்க்குட்டி எப்படியும் ஒருநாள் இறைச்சிக்குப் போவதுதான். மந்தைக்கு ஒன்றிரண்டு கிடாய்கள் போதும். ஆகவே ஆட்டைப் பொறுத்தவரை இழப்பு தாங்கக்கூடியது. காளைக்கன்று அப்படியல்ல, அது ஏர் உழ வேண்டிய விலங்கு.


பதிவு 10 | மறைநூல் வாசகன்

உங்கள் கேள்வியை ரபிகளும் கேட்டிருக்கிறார்கள். இதற்கென்றே மிஷ்னாவில் 'பெகோரோத்' என்ற தனிப் பகுதி உண்டு. இரண்டு கிடாய்களின் தலைகளும் ஒன்றாகவே வெளிவந்தால் இரண்டும் ஆசாரியனுக்கு என்றார் கலிலேயாவின் யோசே. அப்படி ஒன்றாக வருவது நடக்கக்கூடியதன்று, ஒன்று உடையவனுக்கு, ஒன்று ஆசாரியனுக்கு என்றார்கள் மற்ற ஞானிகள். அதிலும் நல்லதை ஆசாரியன் எடுத்துக்கொள்ளலாம் என்றார் தர்ஃபோன். இருவருக்கும் பொதுவாக மதிப்பிட வேண்டும் என்றார் அக்கிவா. வயிற்றைக் கிழித்து எடுத்த குட்டியையும் விடவில்லை. அக்கிவாவின் தீர்ப்பில் அதுவும் தலையீற்று அல்ல, அடுத்ததும் அல்ல: முதலாவது கருப்பையைத் திறக்கவில்லை, இரண்டாவதற்கு முன் ஒன்று வந்துவிட்டது.

கி.பி. 70இல் ஆலயம் இடிந்தபின் சிக்கல் பெரிதாயிற்று. பலிபீடம் இல்லை, ஆனால் குட்டி பிறக்கும்போதே பரிசுத்தமாகிறது. அதைப் பலியிடவும் முடியாது, வேலைவாங்கவும் முடியாது. தானாக ஓர் ஊனம் ஏற்பட்டால் மட்டுமே அறுத்து உண்ணலாம்; வேண்டுமென்றே ஊனப்படுத்துவது தடை. அந்த ஊனத்தைப் பார்த்துச் சொல்வதற்குத் தேர்ந்தவர்கள் இருந்தார்கள். ஞானிகள் கூடியிருந்த யப்னே ஊரில் ஈலா என்பவர் சிறு கால்நடைக்கு 4 ஈசார் காசும் பெரியதற்கு 6 ஈசாரும் கூலி வாங்க ஞானிகள் இசைந்தார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் கூலி ஒன்றே, ஊனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதே பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. கிழட்டுச் செம்மறிக் கடா ஒன்று, மயிர் நீண்டு தொங்க நின்றுகொண்டிருந்தது. ரோம அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, இது ஏன் இப்படி நிற்கிறது என்று கேட்டார். இது தலையீற்று, ஊனம் வந்தாலன்றி அறுக்கக் கூடாது என்றார்கள். அவர் கத்தியை எடுத்து அதன் காதைக் கிழித்தார். அதை அறுக்க ஞானிகள் அனுமதித்தார்கள். பிறகு அவர் மற்றத் தலையீற்றுகளின் காதுகளையும் கிழிக்கத் தொடங்கியபோது மறுத்துவிட்டார்கள். வயலில் விளையாடிய பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளின் வால்களை ஒன்றோடொன்று கட்டி, ஒரு வால் அறுந்துபோனதற்கும் இதே தீர்ப்பு: தெரியாமல் நடந்த முதல்முறைக்கு அனுமதி, தெரிந்து செய்த அடுத்த முறைக்குத் தடை. மயிர் கத்தரிக்கப்படாமலேயே முதுமையடைந்து நிற்கும் அந்தக் கடாதான் எனக்கு இந்தச் சட்டத்தின் மிகத் தெளிவான உருவம்.

இன்றைக்கும் இஸ்ரேலில் சமயச் சட்டத்தைப் பின்பற்றும் மாட்டுப்பண்ணைகளில், கிடேரி முதல் கன்றை ஈனுமுன் அதில் ஒரு பங்கை யூதரல்லாத ஒருவருக்கு விற்றுவிடுகிறார்கள். கூட்டுரிமையுள்ள தாயின் கன்றுக்குத் தலையீற்றுப் பரிசுத்தம் ஏற்படாது. விலங்கு வீணாக நிற்கக் கூடாது, பரிசுத்தத்தை மீறும் நிலையும் வரக் கூடாது என்ற இரண்டையும் காக்க இந்த வழி.


பதிவு 11 | வெள்ளாட்டுப் பட்டி

விடைக்கு நன்றி ஐயா. ஈனுமுன்பே பங்கை விற்க வேண்டும் என்பது எனக்குச் சரியாகப் புரிகிறது. குட்டியின் தலை வெளியே வந்த பிறகு விற்க உரிமை இல்லை. அதற்குள் அது வேறொருவருடையது ஆகிவிடுகிறது. எங்கள் பட்டியில் இந்த மாதம் இரண்டு ஆடுகள் தலையீற்றுக்கு நிற்கின்றன. குட்டி கிடாயா பெட்டையா என்று பார்க்குமுன், இது யாருடையது என்ற கேள்வியோடு இம்முறை அருகில் உட்கார்ந்திருப்பேன்.